பகிடி விடாமல் ஆடியவள்

ஜீவராணிக்கு நாற்பத்தாறு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. தன் பருமனைப் பற்றி மற்றவர்கள் வாய் திறக்கும் முன்பே தானே ஒரு பகிடி விட்டுவிடுவாள். "நான் ஏறினா நாலு பேர் இறங்கவேணும்" என்று சொல்லிக்கொண்டுதான் லிஃப்டில் ஏறுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். பதினாலு வயதில், பாடசாலை நடன ஒத்திகையில், "மேடை உடையப் போகுது" என்று ஒருத்தி சொல்ல முழு வகுப்பும் சிரித்தது. அன்றோடு ஆடுவதை விட்டாள். முந்திக்கொண்டு சிரிக்கப் பழகினாள்.

இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்று வைத்தியர் சொன்ன பிறகு, கூட வேலை செய்யும் சாமினி அவளை ஒரு நடன வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், சனிக்கிழமை பின்னேரங்களில் பெண்களுக்கு மட்டும் நடக்கிற வகுப்பு. தெமட்டகொடையிலிருந்து வரும் ரிஸ்லா சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஜீவராணி கணவனின் பெரிய டீ-சேட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தான் தெரியாத மூலையாகப் பார்த்து நின்றாள்.

ஒவ்வொரு அடி முடிந்ததும் ஏதாவது சொன்னாள். "கீழ்வீட்டுக்காரருக்கு இண்டைக்குப் பூமியதிர்ச்சிதான்." வகுப்பே சிரித்தது. மூன்றாவது கிழமை ரிஸ்லா அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்டு செல்றேன், கோவிச்சிக்க வாணாம். உங்களுக்குத் தாளம் நல்லா வருது. பகிடி விடுற நேரம்தான் தப்பிப் போகுது. கால் வர முந்தி வாய் வந்துடுது."

ஜீவராணி சிரித்துச் சமாளித்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அந்தப் பகிடியும் இல்லையென்றால் ஆட்களுக்கு முன்னால் எதை வைத்துக்கொண்டு நிற்பது? அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவள் வகுப்புக்குப் போகவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை, உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பாட்டுப் போட்டார்கள். கால் தானாக அடி வைத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட்டுச் சிரிக்க வீட்டில் ஒருவரும் இல்லை. சூடான மினுக்கியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை ஆடினாள்.

அடுத்த கிழமை வகுப்புக்குப் போனாள். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதல் பத்து நிமிடம் உடுப்பில்லாமல் நிற்பது போலக் கூச்சமாக இருந்தது. பிறகு இடப்பக்கம் திரும்புகிற ஒரு அடி வந்தது. இத்தனை காலமும் ஒளித்துக்கொண்டு திரிந்த அந்தப் பாரமே அவளைச் சுழற்றிக் கொண்டுபோய், தாளம் விழுகிற இடத்தில் சரியாக நிறுத்தியது. மெலிந்தவர்கள் இரண்டு பேர் அதே திருப்பத்தில் தடுமாறினார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. தன் உள்ளங்கால் நிலத்தில் முழுதாகப் பதிவதை மட்டும் உணர்ந்தாள். கண் கலங்கியது. வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்தாள்.

அந்த மாதக் கடைசியில் அவளுடைய அண்ணன் மகள் மிதுனாவுக்கு இருபத்தோராவது பிறந்தநாள். கேக் வெட்டிய பிறகு அண்ணனுடைய மாடி ஃபிளாட்டின் ஹோலில் பிள்ளைகள் பாட்டுப் போட்டு ஆடினார்கள். ஜீவராணியும் எழுந்தாள்.

"கவனம், ஃபிளாட் தாங்காது" என்றார் அவளுடைய கணவர் நாகேந்திரம்.

அவர் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. அவளிடமிருந்தே அவர் படித்த பகிடி அது. அவள் பதிலுக்கு இன்னொன்று விடுவாள் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் அமைதியாக. "அந்தப் பகிடி விடுறதை நான் நிப்பாட்டிட்டன். நீங்களும் நிப்பாட்டுங்கோ."

யாரும் சிரிக்கவில்லை. நாகேந்திரத்தின் முகம் சுருங்கியது. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு விளங்கவில்லை. அவள் ஆடத் தொடங்கினாள். மிதுனா ஓடிவந்து பக்கத்தில் நின்று, "மாமி, அந்தத் திருப்பம் எப்பிடி?" என்று கேட்டாள். ஜீவராணி இன்னொருமுறை ஆடிக் காட்டினாள். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது.

நாகேந்திரம் எழுந்தார். அவள் கால் இடறக்கூடிய இடத்தில் இருந்த சின்ன மேசையைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"முழங்கால் நோகேல்லையோ?"

"நோகுது," என்றாள் ஜீவராணி, மூச்சு வாங்கிக்கொண்டு. "அடுத்த பாட்டைப் போடச் சொல்லுங்கோ."