ஷட்டருக்குள் ஓடிய வேன்

அன்று காலை அங்கே இருந்தவர்கள் நான்கு பேர்: நான், பள்ளிக்கூட வேன் ஓட்டும் என் மகன், அவன் மனைவி, எதிரே பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனன். வேறு யாராவது தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னால் அது பொய்.

நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிடக் கூடாது என்று மாநிலம் முழுக்கப் புதுச் சட்டம் வந்திருந்தது. எங்கள் வீட்டிலோ எஞ்சின் நன்றாகச் சூடேறாமல் வண்டியை எடுப்பதில்லை. என் அப்பா லாரி ஓட்டிய நாளிலிருந்து அதுதான் முறை. "அபராதம் கட்டினான்னு ஒருத்தன் நம்மளைப் பேசக் கூடாது" என்று மகனிடம் சொல்லியிருந்தேன். அவன் வேனை ஷெட்டுக்குள்ளேயே வைத்து, ஷட்டரை இறக்கிவிட்டுச் சூடேற்ற ஆரம்பித்தான். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

மருமகள் ஷெட்டுக்குக் கொண்டுபோன டீயோடு அப்படியே திரும்பி வந்தாள்.

"மாமா, எவ்வளவு தட்டினாலும் பதிலே இல்ல."

"கண் அசந்திருப்பான்."

"அவர் தூங்கினா குறட்டை தெருக்கோடி வரைக்கும் கேட்குமே, மாமா!" சிரிக்கப் பார்த்தாள்.

நான் போய்த் தட்டினேன். "டேய்!" என்றேன். உள்ளே எஞ்சின் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம்தான். ஷட்டரைத் தூக்கிப் பார்த்தேன்; உள்ளே தாழ் போட்டிருந்தது. ஷட்டரின் அடியில் புகை கசிந்தது.

மைத்துனன் கடப்பாரையோடு ஓடி வந்தான். "தள்ளுங்க அத்தான்! விறைப்பா நிக்கிற நேரமா இது?"

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. தள்ளி நின்றேன்.

தாழ் தெறித்தது. மகன் ஸ்டியரிங்கில் கவிழ்ந்து கிடந்தான். இருவருமாக இழுத்துத் தெருவில் போட்டோம். மண்ணில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க விரலை நீட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. மருமகள் அவன் பெயரையே சொல்லிச் சொல்லிக் கத்தினாள்.

கடைசியில் இருமினான். கண்ணைத் திறக்காமலே, "அப்பா... வண்டிய... ஆஃப் பண்ணுங்க" என்றான்.

"இப்பத்தான் சட்டம் ஞாபகம் வருதாடா உனக்கு!" என்று சொல்லிக்கொண்டே மைத்துனன் அழுதான்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

மனைவியோடு சண்டை போட்டுச் சாகப் போனான், அதனால்தான் உள்ளே தாழ் போட்டிருந்தான் என்று தெருவில் பேசுகிறார்கள். சண்டை எதுவும் இல்லை. எஞ்சின் அதிர்ந்தால் அந்த ஷட்டர் தானாக மேலே ஏறும். அது ஏறாமலிருக்கத்தான் தாழ் போட்டான்.