ஒற்றைப் பைனும் காட்டுக்கோழியும்

ஏப்ரல் விடியலில் அந்தக் காடு பாதி கரைந்த பனியும் பாதி மூடுபனியுமாக மிதந்துகொண்டிருந்தது. இல்மா ஹார்யு அதற்குள் சத்தமில்லாமல் நடந்தாள். நடக்கிறோமா, இன்னும் படுக்கையில்தான் கிடக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம். காப்பி குடிக்காமல் கிளம்பினால் அப்படித்தான்.

ஆறு வருஷத்துக்கு முன் இங்கே நின்ற கிழட்டு ஆஸ்பென் மரங்களை மொத்தமாக வெட்டச் சொன்னவள் அவள்தான். ஊரே வாயில் கை வைத்தது. வைக்கட்டுமே! ஆஸ்பென்னை வெட்டினால் வேர் சும்மா இருக்காது. அடுத்த கோடையிலேயே நாற்றங்கால் மாதிரி கன்றுகளைத் தள்ளும். அந்த நெருக்கத்தில்தான் காட்டுக்கோழி ஒளியும், குஞ்சு வளர்க்கும். கிழட்டுக் காட்டில் அதற்கு ஏது மறைவு?

ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டாள். நடுவில் நின்ற ஒற்றைப் பைன் மரத்தை விட்டுவைத்தாள். இளங்காட்டின் நடுவே உயரமான மரம் நின்றால் வல்லூறுக்கு நாற்காலி போட்ட மாதிரி என்று வனத்துறை ஆள் தலைபாடாக அடித்துக்கொண்டார். அவள் என்ன செய்வாள்? நிலம் அவளுக்கும் அண்ணன் வெய்க்கோவுக்கும் பொது. "என் பைன் மேல கை வச்சே, சனிக்கிழமை சவுனாவுக்கு உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார் அவர். இருவருக்கும் வேறு நாதியில்லை. சவுனா அறையில் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் எதிரெதிரே உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவதுதான் அவர்களுக்கு மிச்சமிருந்த குடும்பம். அதை இழக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

போன வசந்தத்தில் ஒரு காட்டுக்கோழிச் சேவல் வந்தது. விழுந்து கிடந்த கட்டையில் ஏறிச் சிறகால் காற்றை அடித்துப் பேடையை அழைத்தது. கொஞ்ச நாளில் பைனடியில் இறகுகள் மட்டும் கிடந்தன. இல்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இந்த வருஷம் இன்னொரு சேவல் வந்திருக்கிறது. இன்றைக்குப் பைன் உச்சியில் வல்லூறும் உட்கார்ந்திருந்தது.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, பைனை வெட்டணும். சேவல் வந்திருக்கு, வல்லூறும் வந்திருக்கு."

"சேவலாவது மண்ணாவது! நானும் தினம் அந்தப் பக்கம் போறேன், ஒரு ஈ காக்கா சத்தமில்ல. நீ கனா கண்டுட்டு என் மரத்துக்கு உலை வைக்கப் பாக்குற."

"உன் காது போய் எத்தனை வருஷமாச்சு!"

"என் காதுக்கு என்ன கேடு? நீதான் முணுமுணுக்கிற."

வாழ்நாளெல்லாம் மரம் அறுக்கும் மெஷினோடு கிடந்த காது அது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தால் அலமாரியில் தூங்கும். மனுஷர் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

"நாளைக்கு விடியக்காலம் ஒரே ஒரு தடவை என்கூட வா. ஒண்ணுமில்லேன்னா நான் வாயே திறக்கல."

"நீ வாய மூடுறதுன்னா வர்றேன்" என்றார் வெய்க்கோ.

மறுநாள் கன்றுகளுக்கிடையே தார்ப்பாய் மறைப்புக்குள் இருவரும் குந்தியிருந்தார்கள். மூடுபனியில் எல்லாம் வெள்ளையாக, எடையில்லாமல் இருந்தது. திடீரென்று வெய்க்கோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"இல்மா… நெஞ்சு படபடன்னு அடிக்குது. அவ்வளவுதான் போல."

"ஐயோ அண்ணே, அது உன் நெஞ்சில்ல! அங்க பாரு."

கட்டையின்மேல் கழுத்து இறகை விரித்துச் சேவல் நின்றது. சிறகு அசைந்தது, மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். ஒவ்வொரு அடியும் அவர் விலா எலும்புக்குள் விழுந்தது. மற்றப் பறவைகளின் கீச்சுக் குரல்களெல்லாம் அவரை விட்டுப் போய் வெகுகாலமாயிற்று. இந்தக் கனத்த, தணிந்த சிறகடிச் சத்தம் மட்டும் போகவில்லை. கிழவர் தேம்பித் தேம்பி அழுதார். அவள் தடுக்கவில்லை.

அன்று மத்தியானம் சேவல் கட்டையில் இல்லாத நேரம் பார்த்துப் பைனை அவரே அறுத்தார். அதில் கூடு இல்லை என்று முதலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டார். மரம் விழுந்தபோது தரையே குலுங்கியது.

அந்த அதிர்வுதான் இல்மாவைத் தூங்கவிடவில்லை. சேவல் பயந்து ஓடியிருந்தால்? அண்ணனுக்கு மரமும் போய், பறவையும் போய்விட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பாள்?

அடுத்த விடியலில் இருவரும் மறைப்பில் உட்கார்ந்தார்கள். கட்டை காலியாகக் கிடந்தது. வானம் வெளுக்க வெளுக்கக் குருவிகள் காட்டையே பிளந்தன. மேலே வாத்துக் கூட்டம் வேறு கத்திக்கொண்டு போனது. இல்மா காதைத் தீட்டிப் பார்த்தாள். அந்த இரைச்சலில் எதைக் கேட்பது?

"போயிட்டான் அண்ணே. என்னாலதான்" என்றாள்.

"உஷ்!" வெய்க்கோ அவள் கையை அழுத்தினார். "வேற இடம் புடிச்சிட்டான். அதோ, ஓடைப்பக்கம் அடிக்கிறான்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

"உனக்கு எப்படிக் கேக்கும்? உனக்குத்தான் எல்லாம் கேக்குதே" என்று சொல்லிவிட்டு, அவர் ஓடையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.