தராசு வீட்டு நடைச் சோதனை

கேமரா விமர்சகர்களில் அவருக்குத் தராசு என்று பெயர். வாசகர்கள் வைத்தது; அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எந்தக் கம்பெனிக்காரன் காபி வாங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டார். இலவசத் தொப்பி வந்தால் அதே தபாலில் திருப்பி அனுப்புவார். நேர்மையான ஆளோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

அவருடைய புகழெல்லாம் நடைச் சோதனையால் வந்தது. வீட்டு நடைக்கூடத்தின் ஒரு கோடியில் கேமரா நிற்கும். மறுகோடியிலிருந்து மனைவி அதை நோக்கி நடந்து வருவாள். அவள் முகத்தைக் கடைசிவரை ஃபோகஸில் பிடித்து வைத்தால் முழு மதிப்பெண். அதே ஜன்னல் வெளிச்சம், அதே நீலச் சட்டை, அதே மனைவி. இதைவிட நியாயமான சோதனை எங்கே இருக்கிறது என்று மார்தட்டிக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வாசகர் எழுதியிருந்தார். ‘எட்டு வருஷமாக ஒரு கம்பெனியின் கேமரா மட்டும் உங்கள் நடைச் சோதனையில் தோற்கிறது. வேறு எங்கும் தோற்கவில்லை. அவர்கள்மேல் உங்களுக்கு என்ன காழ்ப்பு?’

தராசுக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆள் வாயை அடைத்தே தீருவது என்று பழைய வீடியோக்களைப் பெரிய திரையில் ஓடவிட்டார். பக்கத்தில் மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தான். வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவன் வேலை.

மற்றக் கம்பெனிகளின் கேமராவை நோக்கி அவள் ஏழு விநாடியில் ஆடி அசைந்து வந்தாள். இந்தக் கம்பெனிக்கு மட்டும் நாலு விநாடி. எட்டு வருஷமும் நாலே விநாடி. முகம் கலங்கலாகவே இருந்தது. கேமராவுக்கு முன்னால் அவள் சட்டென்று நிற்கும்போதுதான் தெளிந்தது. அந்த முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மனைவியைக் கூப்பிட்டார். “இந்தக் கம்பெனி மேல உனக்கு அப்படி என்ன கோபம்?”

“கம்பெனியா? அது பேருகூட எனக்குத் தெரியாது. கீழ இருக்கிற தேதியப் பாருங்க.”

பார்த்தார். எட்டிலும் ஒரே தேதி. அந்தக் கம்பெனியின் புதுக் கேமரா ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில்தான் வந்து சேரும். தேதியை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “உங்க கல்யாண நாள், மாமா.”

“காலைல ஏதாவது சொல்லுவீங்கன்னு காத்துட்டு இருப்பேன்,” என்றாள் அவள். “பெட்டியப் பிரிச்சிட்டு, கொஞ்சம் நடந்து வாயேன்னு சொல்லுவீங்க. நடந்தேன்.”

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். தோலின் நிறம், இமைமுடியின் கூர்மை என்று அந்த முகத்துக்கு எட்டு வருஷம் மதிப்பெண் போட்டிருக்கிறார். ஒருதரம்கூட அதைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

“வெளிய தெரிஞ்சா மானம் போயிடும் மாமா. அந்த ஆள பிளாக் பண்ணிட்டு வேலையப் பாப்போம்,” என்றான் தம்பி.

தராசு ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு நடந்ததை அப்படியே எழுதிப் போட்டார். ‘குறை கேமராவில் இல்லை, கல்யாண நாளை மறந்தவனிடம் இருக்கிறது. எட்டுத் தீர்ப்புகளையும் திரும்பப் பெறுகிறேன்.’ வாசகர்கள் கிழிகிழி என்று கிழித்தார்கள். தராசு போய் ‘நாலு விநாடி’ என்று புதுப் பெயர் வந்தது.

அடுத்த வருஷம் அதே தேதியில் பெட்டி வந்தது. அவர் தொடவில்லை. முதலில் வாழ்த்துச் சொன்னார், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தடவை. மனம் குளிர்ந்து அவளே பெட்டியைப் பிரித்துக் கொடுத்தாள். நடைக்கூடத்தில் ஏழு விநாடி, சிரித்த முகம், ஃபோகஸ் இம்மி பிசகவில்லை.

“வேகமா வந்தா தாங்குமான்னு தெரியலையே,” என்று தராசு இழுத்தார். “ஒருதரம் கோபமா நடந்து காட்டேன்.”

அவள் மறுகோடிக்குப் போய் முயன்று பார்த்தாள். இரண்டடி வைப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. “இன்னிக்கு வரமாட்டேங்குதுங்க. அடுத்த வாரம் என் பிறந்தநாள் வருதுல்ல, அத மறந்தீங்கன்னா தானா வரும்.”

“அடுத்த வாரமா?” என்றார் தராசு.

கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாலே விநாடியில் அவள் வந்து சேர்ந்தாள். எள்ளும் கொள்ளும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முழு மதிப்பெண் போட்டார்.