பத்து மீட்டர் இடைவெளி

எக்ஸ்ரே அறையில் அவள் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லும் வார்த்தை "அசையாதீங்க". ஆனால் வீட்டிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, அசையாமல் இருக்கத் தெரியாத ஒரே ஆள் அவள்தான். சாப்பிட உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். போனில் பேசும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் புருஷன் வைத்த பெயர் பம்பரம். இப்போது ஆஸ்பத்திரிக் காவலாளி வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது.

முப்பத்திரண்டு வயதில் அவளை முதல் தடவையாகத் தண்ணீரில் இறக்கியது நாத்தனார். புருஷனின் தங்கை, மாடியில் குடியிருப்பவள், நீச்சல் குளத்தில் வகுப்பெடுப்பவள். சின்ன வயதிலிருந்தே தண்ணீரை விட்டு வெளியே வராததால் வீட்டில் அவளை வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்து நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். பதிலுக்குப் பம்பரம் சைக்கிள் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தாள். இருவரும் சேர்ந்து ஓடினார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பத்துக் கிலோமீட்டர் ஓட்டம், மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் போட்டியில் முதலில் விளையாட்டாகப் பெயர் கொடுத்தார்கள். ஆறு வருடத்தில் அது விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது.

ஏழு போட்டிகளில் ஏழிலும் வாத்துதான் முன்னால் வந்தாள். முதலில் பதினான்கு நிமிட வித்தியாசம். அப்புறம் எட்டு. அப்புறம் மூன்று. கடைசியாக நடந்ததில் நாற்பத்தோரு வினாடி. அந்த நாற்பத்தோரு வினாடி பம்பரத்தைத் தூங்கவிடவில்லை. அடுத்த போட்டியில் முப்பத்தைந்திலிருந்து முப்பத்தொன்பது வயதுப் பெண்கள் பிரிவில் முதலாவதாக வரும் ஒருத்திக்கு மட்டும் வெளிநாட்டுப் போட்டியில் இடம் என்று அறிவித்திருந்தார்கள். இருவர் பெயரும் ஒரே பிரிவில் இருந்தது.

போட்டிக்கு முந்தைய மூன்று மாதமும் வீடு வீடாக இல்லை. குளியலறைக் கொடியில் எந்நேரமும் இரண்டு நீச்சலுடை சொட்டிக்கொண்டிருக்கும். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் இரண்டு சைக்கிளையும் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விடுவான்.

"யாருக்கு நல்லா விட்டேன்னு ரெண்டு பேரும் என்னைக் கேக்கக் கூடாது. ஒரே டப்பா, ஒரே துணி," என்பான்.

சேர்ந்து செய்யும் பயிற்சி பம்பரத்துக்குப் போதவில்லை. சனிக்கிழமை மதியம் டியூட்டி இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுச் சாலைக்குப் போனாள். நாத்தனாரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. மேட்டின் பாதியில் மூச்சு முட்டும்போதெல்லாம் வாத்தின் முதுகு கண்முன் வந்து நின்றது. திரும்பி வந்ததும் சீருடையை மாட்டிக்கொண்டு, இப்போதுதான் வேலையிலிருந்து வந்தவள் போல மாடிப்படியைக் கடந்தாள்.

"அண்ணி, மூஞ்சி ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?" என்று வாத்து மேலிருந்து கேட்டாள்.

"ஏசி ரிப்பேர். ரூமே அடுப்பு மாதிரி இருந்துச்சு."

போட்டி நாள் காலை ஏரிக்கரையில் நல்ல காற்று. தண்ணீர் சாம்பல் நிறத்தில் சுருக்கம் சுருக்கமாக இருந்தது. நூற்றைம்பது பெண்கள் ரப்பர் தொப்பியோடு நின்றார்கள். வாத்து பம்பரத்தின் நீச்சல் கண்ணாடி வாரை இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

"அண்ணி, மொத எரநூறு மீட்டர் பதறாதீங்க. மூச்ச வெளிய விடுங்க. உள்ள இழுக்குறது தானா நடக்கும்."

"தெரியும்டி."

"தெரியும்னுதான் சொல்வீங்க. அப்புறம் மூழ்குற பூனை மாதிரி அடிப்பீங்க."

ஊதல் சத்தம் கேட்டது. முதல் இருநூறு மீட்டரில் அவள் பூனை மாதிரித்தான் அடித்தாள். யாரோ ஒருத்தியின் குதிகால் வாயில் பட்டது. அப்புறம் மூச்சு பிடிபட்டது. கரையேறியபோது வாத்து மூன்று நிமிடம் முன்னால் போயிருந்தாள். எதிர்பார்த்த கணக்குதான். நனைந்த காலைச் சைக்கிள் ஷூவுக்குள் திணித்துக்கொண்டு புறப்பட்டாள்.

சைக்கிள் பகுதியில் ஒரு விதி உண்டு. முன்னால் போகிறவருக்கும் நமக்கும் நடுவே பத்து மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். முந்துவதென்றால் உடனே முந்திவிட வேண்டும். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒட்டிப் போனால் முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்புதான். மோட்டார் சைக்கிளில் நடுவர்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பிடிபட்டால் ஐந்து நிமிடம் ஓரமாக நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் நின்றால் போட்டி போன மாதிரிதான்.

இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் அணைக்கட்டுச் சாலை திரும்பியது. எதிர்காற்று முகத்தில் அறைந்தது. அங்கேதான் வாத்தின் மஞ்சள் சட்டை கண்ணுக்குத் தெரிந்தது. பம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். முப்பது மீட்டர். பதினைந்து. பத்து. முந்துவதற்கு எழுந்து நின்று மிதித்தாள், தொடைகள் கேட்கவில்லை. இரண்டும் கல்லாகிவிட்டன. விதிப்படி பின்வாங்கியிருக்க வேண்டும். அவள் பின்வாங்கவில்லை. இன்னும் ஐந்து மீட்டர் உள்ளே போனாள். இன்னும் இரண்டு.

திடீரென்று காற்று நின்றுவிட்டது போலிருந்தது. காதில் இரைச்சல் இல்லை. கால் இளகியது. முன்னால் குனிந்த முதுகு, சுழலும் பின்சக்கரம், அதற்கு அப்பால் எதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். சாலை காலியாக இருந்தது. நடுவரும் இல்லை, வேறு சைக்கிளும் இல்லை. கைப்பிடியில் மாட்டியிருந்த கருவியில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் என்று நினைத்தாள். நான்கு நிமிடம் ஆகிவிட்டது. அப்புறம் விலகி, சேமித்து வைத்த தெம்பையெல்லாம் கொட்டி, பக்கத்தில் பார்க்காமலேயே முந்திப் போனாள்.

ஓட்டம் தொடங்கியபோது நாற்பது வினாடி முன்னால் இருந்தாள். வாத்து ஓட்டத்தில் கெட்டிக்காரி. கடைசிக் கிலோமீட்டரில் பின்னால் அவளுடைய ஷூ சத்தம் நெருங்குவது கேட்டது. கேட்கக் கேட்க ஓடினாள். முடிவுக்கோட்டைத் தாண்டியபோது ஒன்பது வினாடி மிச்சமிருந்தது.

வாத்து வந்து கட்டிக்கொண்டாள். இருவருமே நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அடிச்சுட்டீங்க அண்ணி! ஒருவழியா அடிச்சுட்டீங்க!" அவள் சிரித்தாள், அழுதாள், இருமினாள்.

புருஷன் தண்ணீர் பாட்டிலோடு வந்தான். "யாருக்கு மொதல்ல குடுக்கறது?"

பம்பரம் தண்ணீரைக் குடித்தாள். எழுந்து நின்றாள், நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். பரிசளிப்புக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வாத்து குளிக்கப் போனாள். பம்பரம் சைக்கிள்கள் மாட்டியிருந்த கம்பி வரிசையை மூன்று தடவை சுற்றிவந்தாள். நான்காவது சுற்றில் கால் அவளைக் கேட்காமல் நடுவர் கூடாரத்துக்குள் போய்விட்டது.

தலைமை நடுவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. காலணியைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அணைக்கட்டு ரோட்டுல நாலு நிமிஷம் ஒருத்தங்க பின்னாடி ஒட்டிட்டுப் போனேன்," என்றாள் பம்பரம்.

நடுவர் நிமிர்ந்தாள். "யாராவது புகார் குடுத்தாங்களா?"

"இல்ல."

"எங்க ஆளு பாத்தாரா?"

"யாரும் பாக்கல."

"பாக்காததுக்கு நான் எப்படிம்மா தண்டனை எழுதறது?" நடுவர் பெருமூச்சு விட்டாள். "நீங்களா வெலகிக்கறதா இருந்தா ஒரு தாள் இருக்கு. கையெழுத்துப் போட்டா உங்க முடிவு செல்லாது. நல்லா யோசிச்சுக்கங்க. பத்து நிமிஷம் உக்காந்து யோசிங்க."

"உக்கார முடியலைங்க. அதான் வந்தேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது ஈரத் தலையோடு வாத்து எதிரே வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. சந்தோஷப்படுவாள் என்றோ, குறைந்தபட்சம் கையையாவது பிடித்துக்கொள்வாள் என்றோ பம்பரம் எதிர்பார்த்தாள்.

"யாரு சொல்லச் சொன்னா உங்கள?"

"நான் உன்ன ஏமாத்தி ஜெயிச்சேன்டி."

"நீங்க பின்னாடி வந்தது எனக்குத் தெரியும். காது என்ன செவிடா? உங்க சக்கரம் கிரிச்கிரிச்னு கத்துது."

"தெரிஞ்சா ஏன் ஒண்ணும் சொல்லல?"

வாத்து துண்டை முறுக்கினாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க முந்துனதும் நானும் உங்க பின்னாடிதான் வந்தேன். ரெண்டு நிமிஷம். காத்துல செத்துப்போயிருந்தேன். நீங்க செஞ்சீங்க, நான் செஞ்சேன், சரியாப் போச்சுன்னு நெனச்சேன். இப்ப நீங்க மட்டும் போயி நல்லவளாயிட்டீங்க. நான் யாரு?"

வாத்து கூடாரத்தைப் பார்த்தாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். அப்போது ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், முதலிடம் என்று. அவள் மேடைக்குப் போனாள். பதக்கம் கழுத்தில் விழுந்தபோது சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பம்பரத்தால் பார்க்க முடியவில்லை.

வேனில் திரும்பி வரும்போது புருஷன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். மூன்றாவது தடவை, "ரேடியோ போடவா?" என்றான். "வேணாம்," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அதற்கப்புறம் பதினோரு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மாடியில் நடமாடும் சத்தம் கேட்கும். அலமாரி திறக்கும், மூடும். நாற்காலி இழுபடும். அவளும் உட்காரவில்லை என்று பம்பரம் கீழே இருந்தபடியே தெரிந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு இடது கையைப் படம் எடுப்பதற்குப் பதில் வலது கையை எடுத்துவிட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். புருஷன் மாடிக்கும் கீழுக்கும் தபால்காரன் போல ஏறி இறங்கினான்.

"ரெண்டு பேரும் சண்டை போட்டாக்கூட நல்லாருக்கும். நான் லிஃப்ட்டுக்குள்ள மாட்டுன மாதிரி நடுவுல நிக்கறேன்," என்று அலுத்துக்கொண்டான்.

பன்னிரண்டாம் நாள் காலை, பம்பரம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், வாத்து படியிறங்கி வந்து வாசற்கதவில் சாய்ந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"பதக்கத்த நேத்து திருப்பி அனுப்பிட்டேன். லெட்டர் எழுதிட்டேன். இப்பத் திருப்தியா?"

"நான் உன்ன ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கல. கீழ இருந்துட்டு நடந்துக்கிட்டே இருந்தீங்க. அதுக்குப் பேரு கேக்காம இருக்கறதா?" சொல்லும்போதே குரல் உடைந்தது. "எனக்கு அந்த எடம் வேணும் அண்ணி. ரொம்ப வேணும். இப்பவும் வேணும்."

"எனக்கும்தான்."

"சனிக்கெழமை டியூட்டின்னு சொல்லிட்டு எங்க போனீங்கன்னும் தெரியும். மேட்டு ரோட்டு முனையில என் கிளாஸுக்கு வர்ற பொண்ணு வீடு."

பம்பரத்தின் காது சூடேறியது. பையைக் கீழே வைத்துவிட்டு நாத்தனாரின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம் தாமதம்.

இடம் மூன்றாவதாக வந்தவளுக்குப் போனது. அவள் ஒரு ரொட்டிக்கடைக்காரி. இவர்களுக்கு ஆறு நிமிடம் பின்னால், யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒளியாமல், அந்தக் காற்று முழுவதையும் தானே வாங்கிக்கொண்டு மிதித்தவள். அவளே பம்பரத்துக்குப் போன் செய்தாள்.

"எனக்கு ஒண்ணுமே புரியல. ரெண்டு பேரும் விட்டுட்டுப் போறீங்க, நான் எப்படிப் போறது? தானம் வாங்குன மாதிரி இருக்கு."

வாத்து போனைப் பிடுங்கினாள். "தானமெல்லாம் இல்லக்கா. சரியா ஓட்டுனது நீங்கதான். எங்களுக்கு வயிறு எரியுது, அதயும் சொல்லிடறேன். போயிட்டு வாங்க."

இரண்டு மாதம் கழித்து அந்தப் போட்டியைப் புருஷனின் போனில் மூவரும் பார்த்தார்கள். ரொட்டிக்கடைக்காரி முப்பத்தேழாவதாக வந்தாள். முடிவுக்கோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்து, யாரென்றே தெரியாத ஒருத்தியைக் கட்டிக்கொண்டாள். பம்பரம் கை தட்டினாள். மனம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள், ஆறவில்லை. தண்ணீரைப் பார்த்தபோது தோள்கள் துடித்தன.

"நானா இருந்தா இருபதுக்குள்ள வந்திருப்பேன்," என்றாள் வாத்து.

"நான் பதினெட்டு."

"என்னைத் தாண்டியா? கனவு காணுங்க."

"அடுத்த மாசம் ஒண்ணு இருக்கு, பேரு குடுக்கறியா?"

"நேத்தே குடுத்துட்டேன். உங்களுக்கும் சேத்து."

புருஷன் எழுந்து எண்ணெய் டப்பாவைத் தேடப் போனான்.