மார்கழியில் வைத்த தகடு

சித்திரை மாதம், பகல் பன்னிரண்டரை. மதுரையிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதையில் கேங்கு மேஸ்திரி விருமாண்டி ஒரே பர்லாங்கை நாலாவது தடவையாக நடந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு இணைப்பிலும் குனிந்தான். தண்டவாள முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

“என்னண்ணே, பொண்ணு வீட்டுக்காரக வரப்போற மாதிரி அலையிற?” என்றான் கேங்கு ஆள் மொக்கையன்.

“ஒரு ஆணி குடுறா.”

ஆணியின் நுனிகூட நுழையவில்லை.

மார்கழியில் இந்தப் பதினெட்டு இணைப்பையும் போட்டது அவர்கள்தான். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே தகடு வைத்து, சந்து விட்டு முடுக்கியபின் தகட்டை உருவிவிட வேண்டும். குளிர் நாளுக்குத் தடித்த தகடு, வெயில் நாளுக்கு மெல்லியது என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். விருமாண்டி நம்பவில்லை. அவன் ரயில்வேக்கு வருமுன் பத்து வருஷம் பேரையூர்ப் பக்கம் மாட்டுவண்டி ஓட்டியவன். கோடையில் சக்கரத்து மரம் காய்ந்து சுருங்கி, இரும்புப் பட்டை கழன்றுகொள்ளும். சக்கரத்தைக் கண்மாயில் ஊறப்போட்டால்தான் இறுகும்.

“கோடையில சந்து தானா அகலும். துரை தலைகீழாச் சொல்றாரு” என்று மெல்லிய தகட்டையே வைத்தான். ஆட்கள் சிரித்தார்கள்.

மரம் சுருங்குகிற வெயிலில் இரும்பு நீண்டிருந்தது. நீள இடமில்லாத இரும்பு பக்கவாட்டில்தான் போகும். இது அவனுக்கு இன்று காலையில்தான் உறைத்தது. ஒன்றேகாலுக்கு வண்டி.

“வண்டிய நிறுத்தணும்டா.”

“கம்பி நேராத்தான இருக்கு? சும்மா நிறுத்துனா வேலை போயிரும்ணே.”

“காரணத்தச் சொன்னாலும் போயிரும்.”

சொல்லிவிட்டுச் சிவப்புக் கொடியோடு கிழக்கே ஓடினான்.

வண்டி அந்தப் பர்லாங்கின் விளிம்பில் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் ஜெயக்கொடி தலையை நீட்டினார்.

“மாடு செத்துக் கிடக்கா?”

“இல்லீங்க. கம்பி முட்டிக்கிட்டு நிக்குது.”

“என் கண்ணுக்கு நேராத்தான்யா தெரியுது. வெயில்ல உனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு. தள்ளு!”

விருமாண்டி தண்டவாளத்துக்கு நடுவில் போய் நின்றான்.

“பதினெட்டு இணைப்புங்க. ஒண்ணுல கூடச் சந்து இல்ல. நான்தான் தகட்டை மாத்தி வச்சேன்.”

பின்னாலிருந்து கார்டு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

“இத எழுதுனா நாளைக்கு உனக்கு வேலை இல்ல. தெரியுமில்ல?”

“எழுதுங்க. வண்டிய மட்டும் விட்டுராதீக.”

“பேரு?”

“விருமாண்டி.”

யாரும் மிதிக்காத இடத்தில் ஜல்லிக் கல் ஒன்று உருண்டது. பிறகு நாலைந்து. ‘டங்’கென்று ஒரு சத்தம். எஞ்சினுக்கு முன்னால் இருபது கஜத்தில், தண்டவாளம் அடிக்கட்டைகளோடு சேர்ந்து ஒரு முழம் தெற்கே நெளிந்து நின்றது. ஜெயக்கொடி இறங்குவதற்காகப் படியில் வைத்த காலை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

கார்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பென்சிலை நோட்டிலிருந்து எடுக்கவில்லை.

“தகப்பனார் பேரு?” என்றார்.