எலி அறைக் கதவின் சிவப்புக் கண்ணாடி

அக்காவுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது என்று கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. தப்புதான், ஆனால் அவளே சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "இத்தனை வருஷம் எலிங்களுக்கு ஊசி போட்டோம் இல்ல? எல்லாம் கூடிப் பேசி எனக்கு ஒண்ணு போட்டுடுச்சுங்க" என்றாள்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது ஒரு நீரிழிவு ஆராய்ச்சிக் கூடத்தில், எலிகள் இருக்கும் பிரிவில். விஞ்ஞானிகள் மருந்தைப் பார்ப்பார்கள், நாங்கள் எலியைப் பார்ப்போம். சாப்பிட்டதா, தூங்கியதா, வலிக்கிறதா, பயந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் உத்தியோகம். வெளியே சொன்னால் யாருக்கும் விளங்காது. நான் எலி பிடிக்கிற வேலையில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே என் மாமியார் போய்ச் சேர்ந்தார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், வயதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் இயக்குநரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் கணீர்க் குரலை வேறு எப்படிக் கூப்பிடுவது? 'உரக்கப் பேசாதீர்கள், எலிகள் பயப்படும்' என்று சுவரில் ஒட்டியிருந்ததே அவளுக்காகத்தான். எலி அறைக்குள் கால் வைத்தால் மட்டும் குரல் தானாக இறங்கிவிடும். குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி பேசுவாள்.

அந்த அறையை நினைத்தால் இப்போதும் மூக்கில் மரத்தூள் வாசனை ஏறுகிறது. சர்க்கரை வந்த எலி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் நனைத்து வைக்கும். மற்ற அறைகளில் மரத்தூளை எப்போதாவது மாற்றினால் போதும், எங்களுக்குத் தினமும் மாற்ற வேண்டும். இளைத்துப்போன எலி எட்டி நின்று கூண்டின் மேல்தட்டில் இருக்கும் தீவனத்தைக் கடிக்காது. அதற்குக் குழைத்துத் தட்டில் வைப்போம். கூடு கட்டிக்கொள்ளக் காகித நாடா போடுவோம். நன்றாக இருக்கிற எலி அதைக் கிழித்துச் சுற்றிலும் வைத்து வட்டமாகக் கூடு கட்டும். முடியாத எலி அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு கூண்டுக்கு இரண்டு பேர். தனியாக விட்டால் ஏங்கிப்போய்விடும்.

நோயைக் கொடுத்தவர்களும் நாங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர்களும் நாங்கள். இது எனக்கு ஒருநாளும் ஒத்துவரவில்லை. சில நாள் வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. அக்காவிடம் சொன்னால், "நாமளும் இல்லேன்னா அதுங்களுக்கு யாருடி இருக்கா? பேசாம தண்ணி பாட்டிலை மாத்து" என்பாள். பாட்டிலை மாற்றுவேன்.

ஜமீன்தார் என்று ஒரு எலி இருந்தது. காதோரம் சின்ன வெட்டு, ராஜநடை. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் முதல் ஆளாகக் கூண்டின் முன்பக்கம் வந்து பின்னங்காலில் எழுந்து நிற்கும். ஒரு காலையில் விறைத்துக் கிடந்தது. "நேத்து கூட எழுந்து நின்னுச்சேடி" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகுதான் எங்களுக்குப் புத்தியில் உறைத்தது. எலி வலியைக் காட்டாது. ஆள் வருகிறது என்று தெரிந்தால் முடியாத எலியும் எழுந்து, மீசையை ஆட்டி, எனக்கென்ன குறை என்று நிற்கும். நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் சுருண்டு படுத்துவிடும். அதுவரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் எங்களுக்காகப் போட்ட நாடகம்.

அன்றிலிருந்து பழக்கத்தை மாற்றினோம். அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன்மேல் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டினோம். சிவப்பு எலியின் கண்ணுக்கு எடுபடாது, அந்தப் பக்கம் நாங்கள் நிற்பது அதற்குத் தெரியாது. காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சுச் சத்தம்கூட வராமல் அங்கே நின்று பார்ப்போம். முதுகைக் கூனி உட்கார்ந்திருப்பது எது, முடி சிலிர்த்துக்கொண்டு நிற்பது எது, கூட்டுக்கு வெளியே கிடப்பது எது. இதற்கு 'ஜன்னல் பார்வை' என்று பெயர் வைத்தோம். அதில் கண்டதுதான் உண்மை, உள்ளே போனபின் காண்பதெல்லாம் முகஸ்துதி. சந்தேகம் தட்டிய கூண்டில் அக்கா ஒரு மஞ்சள் அட்டையை மாட்டுவாள். அதற்குப் பிறகு அந்தக் கூண்டுக்குப் புது மரத்தூள் என்ன, குழைத்த தீவனம் என்ன, நொடிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பது என்ன! "மஞ்சள் அட்டை விழுந்துடுச்சா? இனிமே இவர் நம்ம வீட்டு மாப்பிள்ளை" என்பாள்.

ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் மணியை அடிக்கும் முன் ஒரு கணம் ஜன்னலோரம் நின்றுவிடுகிறேன். மகன் வீட்டில் இதனால் பெரிய ரகளையே ஆனது. மருமகள் என்னை வேவு பார்க்கிறவள் என்று முடிவுகட்டிவிட்டாள். அதற்கப்புறம் தனியாக இருக்கிறேன். நிம்மதியாக இருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில மாதங்களுக்கு முன் அக்கா போன் பண்ணினாள். "ஞாயித்துக்கிழமை காலையில வா. மக அடுத்த வாரம் கிளம்புறா, பார்த்துட்டுப் போ. முன்கதவு பூட்டு மக்கர் பண்ணுது, பின்பக்கமா வந்துடு."

அவள் மகளுக்குக் கடல் தாண்டி ஒரு வேலை கிடைத்திருந்தது. வருஷக்கணக்காக முட்டி மோதி வாங்கிய வேலை. வீட்டுக்காரர் போன பிறகு அக்காவுக்கு இருப்பது அந்த ஒரே பெண்தான்.

போனேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தால் சமையலறை ஜன்னல். எப்போதும் திரையை இழுத்து மூடி வைத்திருப்பாள், அன்று விரியத் திறந்து கிடந்தது. என் கால் தானாக நின்றுவிட்டது. உள்ளே அக்கா ஸ்டூலில் முதுகைக் கூனி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஒரு காலை எதிரே இருந்த நாற்காலியில் தூக்கி வைத்திருந்தாள். கழற்றிய சாக்ஸ் மடியில் கிடந்தது. உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

சர்க்கரைக்காரர் காலில் கறுத்த புண் என்றால் என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். தள்ளிப்போட்டால் விரல் போகும், பிறகு பாதம் போகும், பிறகு கால் போகும். கதவைத் தட்டினேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது சாக்ஸ் காலில் ஏறியிருந்தது, முதுகு நிமிர்ந்திருந்தது.

"என்னடி இப்படி இளைச்சுப் போயிட்ட? தீவனத்தைக் குழைச்சு வைக்கட்டுமா?" என்று அந்தப் பழைய குரலில் முழங்கினாள். துளி நொண்டாமல் அடுப்புப் பக்கம் நடந்தாள். எனக்கு ஜமீன்தார்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கூடத்தில் மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க சித்தி. அம்மாவைப் பார்த்தீங்களா? சூப்பரா இருக்காங்க. காலையிலதான் சுகர் பார்த்தேன், பரவாயில்ல. இல்லேன்னா நான் டிக்கெட்டே போட்டிருக்க மாட்டேன்."

அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ ஆற்றினாள். ஆற்றினாள், ஆற்றினாள், டீ ஆறி அவலாய்ப் போகும்வரை ஆற்றினாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் மகள் பயணத்தை ரத்து செய்வாள். திறக்காவிட்டால் கால் போகும். மகளுக்காகக் காலை விட்டுக்கொடுக்கத் துணிந்துவிட்டாள் பாவி என்று பல்லைக் கடித்தேன்.

பெட்டியை எடை போட்டுப் பார்க்கப் பக்கத்து வீட்டில் தராசு வாங்கி வருகிறேன் என்று மகள் வெளியே போனாள். நான் டம்ளரை நங்கென்று வைத்தேன்.

"சாக்ஸைக் கழட்டு."

"எதுக்கு?"

"எங்கிட்டயேவா நாடகம்? ஜன்னல் பார்வை முடிஞ்சுது. கறுத்துப் போயிருக்கு."

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அக்கா மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பஸ் லேட்டா?" என்றாள்.

"என்னது?"

"காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒருத்தி எவ்வளவு நேரம்தான்டி உக்காந்திருக்கிறது? இடுப்பு ஒடிஞ்சு போச்சு. அவ வேற எந்நேரமும் உள்ள வந்துடுவாளோன்னு பயம்."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரியக் கிடந்த திரை. ஜன்னலைப் பார்த்திருந்த உள்ளங்கால். எழுந்து போய் முன்கதவுப் பூட்டில் சாவியைத் திருப்பினேன். அது வெண்ணெயாகத் திறந்தது.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

"வரமாட்டேங்குதுடி. அவ முகத்தைப் பார்த்தா எழுந்து நின்னுடறேன். டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டாலும் எழுந்து நின்னுடறேன். அன்னிக்கு உங்கிட்ட சொல்லத்தான் போன் பண்ணினேன், அதுலயும் நல்லா இருக்கேன்னுதான் வாயில வருது. கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி பார்க்கறவ நீ ஒருத்திதான்."

அத்தனை வருஷத்தில் எந்த எலியும் தன் வலியை எனக்குக் காட்டியதில்லை. நானாகத்தான் ஒளிந்து நின்று திருடிப் பார்த்தேன். நான் நிற்பது தெரிந்தும், எனக்காகக் காத்திருந்து காட்டிய ஜீவன் இவள் ஒருத்திதான். அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். காய்ச்சல் மாதிரி சுட்டது.

மகள் தராசோடு வந்தபோது நானே சொன்னேன். அவள் பாதி மூடிய பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் போகல" என்று போனைத் தேடினாள். அக்காவின் முகம் செத்துவிட்டது.

"போனைக் கீழ வை" என்றேன். "இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். அப்புறம் நீ உன் வேலைக்குப் போ. ஒரு கூண்டுக்கு ரெண்டு பேர், அதுதான் எங்க ரூல். நான் இங்க வந்துடறேன்."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணின?" என்றாள் அக்கா.

"மஞ்சள் அட்டை விழுந்தவங்க வாயைத் திறக்கக் கூடாது."

அக்கா வாயைத் திறக்கவில்லை. அது சரித்திரத்தில் முதல் தடவை.

ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது, கால் பிழைத்தது. மகள் தேதியைத் தள்ளிப்போட்டு, தாயார் வீடு திரும்பியதும் அழுதுகொண்டே விமானம் ஏறினாள். நான் என் சாமான்களை ஒரு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தேன். பெரிய சண்டை எதுவும் இல்லை, டிவியின் சத்தத்துக்காகத் தினம் ஒன்று நடப்பதைத் தவிர.

காலையில் அவள் அறைக் கதவைத் தள்ளும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். போர்வையைச் சுற்றிலும் சுருட்டி, வட்டமாகக் கூடு கட்டிப் படுத்திருப்பாள். நான் மூச்சுக்கூட விடுவதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். கண்ணைத் திறக்காமலே, கட்டுப் போட்ட காலைப் போர்வைக்கு வெளியே கதவுப் பக்கமாக நீட்டுவாள்.

"நல்லாப் பார்த்துக்கோ" என்பாள். "பார்த்துட்டு உள்ள வா."