ஆறாம் வகுப்பில் ஒரு பத்து ரூபாய்

ஊரடங்கின் மூன்றாவது வாரத்தில் ரூபாய் நோட்டுகளையும் தனிமைப்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. பல கை பட்டவை என்பதால் பதினான்கு நாள். காசுகளுக்கு இது பொருந்தாது. சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நோட்டுகளுக்காகப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பெண்கள் பள்ளியை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள்.

குற்றாலத்துக்குக் கிழக்கே இருந்த அந்தச் சிறிய ஊரில் செண்பகம் ஸ்டோர் என்ற மளிகைக் கடையை நடத்திவந்தவர் ஆவுடையப்பன். ஊருக்கே அவர் அண்ணாச்சிதான். ஒரு புதன்கிழமை காலையில் சுகாதார ஆய்வாளர் அவர் கடைக்கு வந்தார். கல்லாப்பெட்டியைத் திறக்கச் சொல்லி, இடுக்கியால் ஒவ்வொரு நோட்டாக எடுத்து, நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவியைக் காட்டி, காகித உறைக்குள் போட்டார். ஐந்நூறுகளுக்கு ஒன்றும் இல்லை. நூறு ஒன்று லேசாக இருமியது.

பெட்டியின் அடித்தட்டில், தனியாக ஒரு பத்து ரூபாய் நோட்டு இருந்தது. இடுக்கி அதனிடம் போனதும் அண்ணாச்சி கையை நீட்டி மறித்தார்.

"இது வேண்டாம் சார். இது வெளியே போறதே இல்ல. இருபத்தாறு வருஷமா உள்ளேயேதான் இருக்கு."

"அது போகலை, சரி. மத்த நோட்டெல்லாம் போயிட்டு வந்து இதுகூடத்தானே படுத்துது?" என்றார் ஆய்வாளர்.

அதில் நியாயம் இருந்தது. அண்ணாச்சி கையை எடுத்துக்கொண்டார்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், கடை திறந்த அன்று காலையில் பதினொரு மணிவரை ஒருவரும் வரவில்லை. அண்ணாச்சி தராசைத் துடைத்துவிட்டு, துடைத்த தராசையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்த அவர் மனைவி செண்பகம் உள்ளே மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து, பின்வாசல் வழியாகப் போய், தெருவைச் சுற்றி முன்பக்கம் வந்து நின்றாள். தலையில் முந்தானையைப் போட்டிருந்தாள். "அண்ணாச்சி, கால் கிலோ பொரிகடலை கிடைக்குமா?" என்று வேறு யாரோ போலக் கேட்டாள். அவரும் வேறு யாரோ போலவே நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவள் கொடுத்த பத்து ரூபாய்தான் அது. அதற்குப் பிறகு கூட்டம் வந்தது. இப்போது செண்பகம் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நோட்டுகள் போன பிறகு, கடை முகப்பில் கோடுகளும் கட்டங்களும் அச்சடித்த அட்டை ஒன்றை ஒட்டினார்கள். வருகிறவர்கள் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் நின்று, அட்டைக்குப் போனைக் காட்டினார்கள். அண்ணாச்சியின் பலகைமேல் இருந்த சிறிய பெட்டி, பணம் வந்துவிட்டது என்று பெண் குரலில் அறிவித்தது. அதில் பிசகு ஏதும் கிடையாது. ஆனால் பேச்சுக்கு முன்னால் பணம் வந்துவிட்டது. விக்டோரியா டீச்சர் முன்பெல்லாம் கைப்பையில் சில்லறை தேடுகிற நேரத்தில், மருமகள் வைத்த மீன் குழம்பில் தொடங்கித் தன் முழங்கால்வரை வந்துவிடுவார். இப்போது உளுந்தை வாங்கிக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தார். முழங்கால் எப்படி இருக்கிறது என்பது அண்ணாச்சிக்குத் தெரியாமலே போயிற்று.

மாலை நாலு மணிக்குப் பள்ளியில் பார்வையாளர் நேரம். அண்ணாச்சி கடையை அரைக்கதவு சாத்திவிட்டுப் போனார். அவருடைய நோட்டை ஆறாம் வகுப்பில் வைத்திருந்தார்கள். பெஞ்சுக்கு ஒன்றாக, இடம் விட்டுக் கிடத்தியிருந்தார்கள். ஒட்டுப்போட்ட நோட்டுகளுக்கு மட்டும் தலைமையாசிரியை அறை. அங்கே மின்விசிறி ஒன்றாம் எண்ணில் ஓடியது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம், தொடக் கூடாது.

ஆறாம் வகுப்பைக் கவனித்துக்கொண்டவர் ஜெபராணி என்ற நர்ஸ். பன்னிரண்டாம் நாள் அவர் ஜன்னலருகே வந்தார்.

"அண்ணாச்சி, உங்க பத்து ரூபாய்க்கு உடம்பு தேறலை. ஓரமெல்லாம் சுருண்டுக்கிட்டே போகுது. நீவி விட்டாலும் நிக்கலை."

"காய்ச்சலா சிஸ்டர்?"

"காய்ச்சல் இல்லை. வயசான நோட்டு. அதோட வாசனைக்கு ஏங்குது. மளிகைக் கடையில வளர்ந்தது பாருங்க. இங்கே டெட்டால் வாசனைதான்."

மறுநாள் காலையில் கட்டிப் பெருங்காயத்தில் ஒரு துணுக்கு உடைத்தார். புது மல்லியை வறுத்தார். சீரகம், நாலு மிளகு, மிளகாய் வற்றலின் காம்பு. செண்பகம் கட்டுகிற மாதிரியே, கூம்பாகப் பொட்டலம் கட்டினார். ஜெபராணி அதைக் கையுறையோடு வாங்கி, நோட்டின் தலைமாட்டில் பிரித்து வைத்தார். ஆறாம் வகுப்பு முழுக்க அந்த மணம் பரவியது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஐம்பது ரூபாயும் திரும்பிப் படுத்தது.

பதினான்கு நாள் முடிந்தபோது விடவில்லை. இன்னொரு பதினான்கு போட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு தடவை. அண்ணாச்சி தினமும் ஒரு பொட்டலம் கொண்டுபோனார். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று, யார் வந்தார்கள், எது தீர்ந்துபோயிற்று, எதிர்த்த கடை காஜா மைதீன் பாய் இன்றைக்கு எத்தனை மணிக்குத் திறந்தார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். முன்பு இதையெல்லாம் கடை அடைத்த பிறகு வீட்டில் சொல்வது வழக்கம். நோட்டின் ஓரங்கள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன.

ஜூன் முதல் வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது: எங்கே போக விருப்பம்? அதை நோட்டிடம் கேட்டு நிரப்ப வேண்டும் என்பது விதி. ஜெபராணி நிரப்பியிருந்தார்.

"கேட்டேன் அண்ணாச்சி. செலவாகணும்னு சொல்லுது."

அண்ணாச்சி படிவத்தை வாங்கி அந்த வரியைப் படித்தார்.

"வீட்டுக்குன்னு சொல்லலையா?"

"ரெண்டு தரம் கேட்டேன். இதைத்தான் சொல்லுச்சு." பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "இங்கே எல்லா நோட்டும் தான் போன ஊரைப் பத்திப் பேசும். திருச்செந்தூர் உண்டியல், ஆலங்குளம் சந்தைன்னு. இது மட்டும் கேட்டுக்கிட்டே கிடக்கும்" என்றார்.

அண்ணாச்சி கையெழுத்துப் போட்டு நோட்டை வாங்கி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். வந்ததும் பழையபடி பெட்டியின் அடித்தட்டில் வைத்து மூடிவிட்டார். இரண்டு நாள் அப்படியே போயிற்று. அந்த இரண்டு நாளும் அவர் பெட்டிப் பக்கம் பார்க்காமலே வியாபாரம் செய்தார். மூன்றாம் நாள் திறந்து பார்த்தபோது ஒரு ஓரம் சுருள ஆரம்பித்திருந்தது. சுற்றிலும் பெருங்காயமும் மல்லியும் மூட்டை மூட்டையாக இருந்தன.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். செண்பகம் ஒரு தடவை கன்னியாகுமரி பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். பொங்கல் வியாபாரம் முடியட்டும் என்றார். பிறகு சித்திரை, பிறகு ஆடித் தள்ளுபடி, பிறகு தீபாவளி. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. அது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

சொந்தக் கடையில் செலவழிக்க முடியாது. அதனால் எதிர்ச்சாரிக்குப் போனார். இருபது வருடமாக இரண்டு கடைகளும் நேருக்கு நேர் இருந்தன. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது தலையசைப்பதோடு சரி. இவர் அந்தப் படியை மிதித்ததில்லை, அவரும் இந்தப் படியை மிதித்ததில்லை. அண்ணாச்சி முதல் வட்டத்தில் போய் நின்றார். வாங்குகிறவன் கையை எங்கே வைத்துக்கொள்வான் என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் பின்னால் கட்டினார், பிறகு தொங்கவிட்டார்.

காஜா மைதீன் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன வேணும்?"

"பொரிகடலை. பத்து ரூபாய்க்கு."

அண்ணாச்சி கடையில் பொரிகடலை மூட்டையாக இருப்பது இங்கிருந்தே தெரியும். பாய் அதைப் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அளந்து, வழக்கத்தைவிட ஒரு கை கூடவே போட்டு, பொட்டலம் கட்டினார்.

"போன்ல அனுப்புறீங்களா?"

"இல்ல பாய். ரொக்கம்."

பாய் இடுக்கியைத் தேடினார். பிறகு அதை விட்டுவிட்டுக் கையை நீட்டினார். நோட்டு கைமாறியது. பாய் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"நல்ல பெருங்காயம் அண்ணாச்சி. எங்கே வாங்குறீங்க?"

"எழுதித் தாறேன்."

"மதினி இருக்கையில தெருவுக்கே இந்த மணம் வரும்" என்றார் பாய். "வெள்ளிக்கிழமை அவங்க மல்லி வறுக்கிற நேரத்துலதான் நான் தொழுகைக்குக் கிளம்புவேன். மணியே பார்க்கிறதில்ல."

அண்ணாச்சி தலையசைத்தார். இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. பாய் நோட்டைப் பெட்டியில் போடப்போனார். அதற்குள் பாளையங்கோட்டைக்குப் போகிற காய்கறி லாரி ஓட்டுநர் வந்து, சில்லறை கேட்டு, அந்தப் பத்தையும் சேர்த்து வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினார். லாரி கிளம்பியது. அது தெற்கே திரும்புகிறவரை அண்ணாச்சி வட்டத்தைவிட்டு நகரவில்லை. பிறகு பொட்டலத்தைப் பிரித்து, ரெண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார்.

அவர் கடை முன்னால் மூன்றாவது வட்டத்தில் குற்றாலத்துச் சாரல் நின்றுகொண்டிருந்தது. முகக்கவசத்தைச் சரியாக அணிந்திருந்தது. கேரளத்திலிருந்து வருவதால் கையில் இ-பாஸ் வைத்திருந்தது. நனையாதபடி பாலித்தீன் உறைக்குள் போட்டிருந்தது. அண்ணாச்சி படியேறிப் பலகைக்குப் பின்னால் போய் நின்றார்.

"கருப்பட்டி அரைக்கிலோ. சுக்கு கொஞ்சம்" என்றது சாரல்.

அவர் நல்ல கருப்பட்டியாகப் பார்த்து எடுத்து நிறுத்தார். சுக்கைத் தட்டிப் பார்த்துப் பூச்சியில்லாததாகப் போட்டார். சாரல் முகப்பில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துத் தயங்கியது.

"எங்கிட்ட சில்லறையாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"பரவாயில்ல, தாங்க" என்று அவர் உள்ளங்கையை வெளியே நீட்டினார்.